முதலில் சூரியகாந்தி

2012 ஜனவரி. நாகபுரியில் அக்கா வீட்டு ஹாலில் படுத்திருந்தேன். ராத்திரி மணி இரண்டு இருக்கும். உள்ளறையிலிருந்து ஒரு சத்தம். யாரோ கெட்டி முறுக்கை அவசரமில்லாமல் கடிப்பது போல 'கறுக், கறுக்'. எழுந்து போய் எட்டிப் பார்த்தேன். மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, மடியில் ஐபேட்டை வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். அறுபது வயது. முப்பத்தைந்து வருஷம் பாங்கில் கணக்குப் பார்த்துவிட்டு முந்தின வருஷம்தான் ரிட்டையர் ஆனவள். அவள் வைத்த வாதுமைக் கொட்டையை ஒரு பிணம் தின்றுகொண்டிருந்தது.

"என்னக்கா இது?"

"பேசாதே. மூணாவது வரிசையில வாளி மாட்டினவன் வர்றான்."

இரண்டு மாதத்துக்கு முன் மாமாவுக்குப் பக்கவாதம் வந்திருந்தது. வலது கையும் பேச்சும் போய், கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக் கொண்டிருந்தன. ராத்திரியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். நடுவில் கண்ணயர்ந்துவிடுவோமோ என்று அக்காவுக்கு பயம். புத்தகம் படித்தால் தூக்கம் வந்தது. டி.வி. போட்டால் மாமா விழித்துக்கொண்டார். மகன் ஊருக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போன ஐபேட்டில் இந்த ஆட்டம் இருந்தது. பெயர் 'பிளாண்ட்ஸ் வெர்சஸ் ஸாம்பீஸ்'.

வீடியோ கேம் என்றால் பையன்கள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு சுட்டுத் தள்ளுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். செடியும் பிணமும் சண்டை போடும் ஆட்டத்தில் ஓய்வுபெற்ற பாங்க் அதிகாரிக்கு என்ன இருக்க முடியும்? மறுநாள் காலை காப்பியோடு அக்காவிடம் பாடம் கேட்டேன்.

ஆட்டம் இதுதான். உங்களுக்கு ஒரு வீடு. வீட்டு முன்னால் புல்வெளி. ஐந்து வரிசை, வரிசைக்கு ஒன்பது கட்டம். வலது பக்கத்துத் தெருவிலிருந்து ஸாம்பிகள் - அதாவது செத்தும் சாகாமல் நடக்கிற பிணங்கள் - உங்கள் மூளையைத் தின்பதற்காக ஆடி அசைந்து வருகின்றன. உங்களிடம் துப்பாக்கி கிடையாது. விதைகள் உண்டு. பட்டாணிச் செடி நேர்க்கோட்டில் பட்டாணியைத் துப்பும். சாதாரண ஸாம்பி ஒன்று விழுவதற்குப் பத்துப் பட்டாணி வேண்டும். வாதுமைக் கொட்டை எதையும் சுடாது. குறுக்கே நிற்கும். கடிபடக் கடிபட அதன் முகம் வாடும். செர்ரிப் பழம் வெடிக்கும். தலையில் வாளி கவிழ்த்த ஸாம்பிக்கு அடி தாங்கும் சக்தி அதிகம். கம்பு ஊன்றித் தாண்டுகிறவன் முதல் செடியை மதிக்கவே மாட்டான். பேப்பர் படித்துக்கொண்டே வரும் ஒரு கிழவரும் உண்டு. அவர் பேப்பரை நீங்கள் கிழித்துவிட்டால் கோபம் தலைக்கேறி ஓடி வருவார். பத்திரிகைக்காரன் என்ற முறையில் அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

செடி வாங்குவதற்கான பணம் வெயில். பகலில் வானத்திலிருந்து சிறு சூரியன்களாக விழும். ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பு. தொட்டு எடுத்துக்கொள்ள வேண்டும், விட்டால் மறைந்துவிடும். பட்டாணிச் செடியின் விலை 100. சூரியகாந்தியின் விலை 50. சூரியகாந்தி யாரையும் அடிக்காது. ஆனால் விட்டுவிட்டு 25, 25 ஆக வெயிலைப் பொழிந்துகொண்டே இருக்கும். போட்ட முதல் ஒரு நிமிடத்துக்குள் திரும்பி வந்துவிடும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் லாபம்.

இங்கேதான் ஆட்டத்தின் சூட்சுமம். தெருவில் முதல் பிணம் தலைகாட்டியதும் புதிதாக ஆடுகிறவன் பதறிப்போய், இருக்கிற வெயிலையெல்லாம் பட்டாணியில் போடுகிறான். முதல் இரண்டு பேரைச் சமாளித்துவிடுகிறான். பத்துப் பேர் சேர்ந்து வரும்போது கையில் காசில்லை. விஷயம் தெரிந்தவன் முதல் ஆள் பாதி வழி வரும்வரை பொறுத்துக்கொண்டு சூரியகாந்திகளை நட்டுக்கொண்டே இருக்கிறான். "முதல்ல டெபாசிட், அப்புறம் செலவு. இதைச் சொல்லி முப்பத்தைஞ்சு வருஷம் கஸ்டமர்களோட மல்லாடினேன். ஒருத்தரும் கேட்கலை. இந்த ஸாம்பி ரெண்டே ராத்திரியில சொல்லிக் குடுத்துடறான்" என்றாள் அக்கா.

இந்த வகை ஆட்டத்துக்கு 'டவர் டிஃபென்ஸ்' என்று பெயர். கோபுரக் காவல் என்று சொல்லலாம். நீங்கள் படையெடுத்துப் போவதில்லை. வருகிறவனை வழியில் மறிக்கிறீர்கள். எதை எங்கே வைப்பது என்பதுதான் உங்கள் வேலை. வைத்துவிட்டால் சண்டையை அதுவே பார்த்துக்கொள்ளும். 1990ல் அட்டாரி கேம்ஸ் வெளியிட்ட 'ராம்பார்ட்' என்ற ஆர்கேட் ஆட்டத்திலேயே, இடிந்த கோட்டைச் சுவரை அடுத்த தாக்குதலுக்கு முன் கட்டி முடிக்கிற பரபரப்பு இருந்தது. 2002ல் வந்த 'வார்கிராஃப்ட் 3' ஆட்டத்தை வாங்கியவர்கள், அதனுடன் வந்த கருவிகளை வைத்துத் தாங்களே காவல் ஆட்டங்களைச் செய்து பரப்பினார்கள். 2007ல் பால் பிரீஸ் என்பவரின் 'டெஸ்க்டாப் டவர் டிஃபென்ஸ்' இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைத்தது. ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் மேலதிகாரி வருகிற காலடிச் சத்தம் கேட்டதும் மறைக்கப்பட்ட ஜன்னல்களில் அதற்கு முக்கிய இடம் உண்டு.

ஆனால் இவையெல்லாம் ஆடத் தெரிந்தவர்களுக்கான ஆட்டங்கள். அக்கா போன்றவர்களை உள்ளே இழுத்து வந்தவர் ஜார்ஜ் ஃபேன். அமெரிக்காவில் சியாட்டிலைச் சேர்ந்த பாப்கேப் நிறுவனத்துக்காக ஒரு சிறிய குழுவை வைத்துக்கொண்டு மூன்று வருஷத்துக்கு மேல் உழைத்து, 2009 மே மாதம் இதை வெளியிட்டார். கோபுரம் நகராது, செடியும் நகராது. எனவே கோபுரத்துக்குப் பதில் செடி. மறிக்கிறவனுக்கு யோசிக்க நேரம் வேண்டும். எனவே எதிரி மெதுவாக நடக்கிற பிணம். இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பார்த்தாலே புரிகிறது.

2012ல் ஆட்டம் தயாரிப்பவர்களின் மாநாடு ஒன்றில் ஃபேன் பேசினார். தலைப்பே, என் அம்மாவை இந்த ஆட்டத்தைக் கடைசிவரை ஆட வைத்தது எப்படி என்பதுதான். திரையில் ஒரே சமயத்தில் எட்டு வார்த்தைக்கு மேல் வேண்டாம் என்பது அவர் சொன்ன விதிகளில் ஒன்று. இன்னொன்று, பாடம் நடத்துகிற மாதிரியே தெரியாமல் பாடம் நடத்துவது. ஆட்டத்தின் முதல் கட்டத்தைத் திறந்தால் ஐந்து வரிசையில் நடுவிலுள்ள ஒன்றில் மட்டும்தான் புல் இருக்கும். மற்றதெல்லாம் வெறும் மண். ஒரே செடி, ஒரே வரிசை. தப்பு செய்ய வழியே இல்லை. ஜெயித்தால் சூரியகாந்தி கிடைக்கும். அடுத்த கட்டத்தில் மூன்று வரிசை. அதற்கப்புறம்தான் ஐந்தும். பெரும்பாலான படிகளுக்கு ஒரு புதிய விதை. சேர்ந்தாற்போல இரண்டு புதிய விஷயங்களை உங்கள் தலையில் ஏற்ற மாட்டார்கள்.

சூரியகாந்தியின் விலையிலும் ஒரு கதை இருக்கிறது. ஆரம்பத்தில் அதன் விலையும் பட்டாணி போலவே 100. சோதனைக்கு ஆடிப் பார்த்தவர்கள் சூரியகாந்தியைச் சீண்டவே இல்லை. தோற்றார்கள். ஃபேன் விலையைப் பாதியாக்கினார். எல்லோரும் நட ஆரம்பித்தார்கள். ஒரு விலையை மாற்றியதால் மற்ற கணக்குகளையும் மறுபடி போட வேண்டியிருந்தது. பரவாயில்லை என்று செய்தார். 'சேமியுங்கள்' என்று போர்டு எழுதி வைப்பதற்கும், சேமிப்பது சுலபமாகத் தோன்றும்படி செய்வதற்கும் உள்ள வித்தியாசம் இது. நிதியமைச்சகத்தில் யாராவது இந்த ஆட்டத்தை ஆடியிருக்கலாம்.

சரி, கவர்ச்சி எங்கே இருக்கிறது? சில ராத்திரிகள் அக்காவின் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தபோது எனக்குப் பட்டவை இவை.

முதலாவது, ஒளிவுமறைவு இல்லை. ஒவ்வொரு கட்டமும் தொடங்குமுன் திரை வலது பக்கம் நகர்ந்து, தெருவில் யார் யார் காத்திருக்கிறார்கள் என்று காட்டிவிடும். அதைப் பார்த்துவிட்டுத்தான் விதைகளைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். ஆரம்பத்தில் ஆறு விதைக்குத்தான் இடம். பெரிய கூட்டம் வருமுன் கொட்டை எழுத்தில் எச்சரிக்கை வரும். கீழே ஒரு கோடு, அதில் சின்னக் கொடிகள். இன்னும் எத்தனை அலை பாக்கி என்று தெரியும்.

இரண்டாவது, ஒரு மன்னிப்பு உண்டு. ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் புல்வெட்டும் மெஷின் ஒன்று நிற்கும். நீங்கள் கோட்டைவிட்டு ஸாம்பி வாசல்வரை வந்துவிட்டால், அது தானாகக் கிளம்பி அந்த வரிசையையே துடைத்துவிடும். ஒரே ஒரு தடவை. முதல் தப்புக்குத் தண்டனை இல்லை. இரண்டாவது தப்புக்குத் தப்ப முடியாது. இதைவிட நியாயமான நீதிமன்றத்தை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது, தோற்றால் ஏன் தோற்றோம் என்று தெரிகிறது. நாலாவது வரிசையில் கொட்டை வைக்கவில்லை. செர்ரியை அவசரப்பட்டுச் செலவழித்துவிட்டோம். அதிர்ஷ்டத்தின் மேல் பழி போட இடமில்லை. மறுபடி ஆடினால் சரிசெய்துவிடலாம் என்ற நம்பிக்கை கையிலேயே இருக்கிறது. அந்த நம்பிக்கைதான் மணி மூன்றடிப்பதைக் காதில் விழாமல் செய்கிறது.

இதில் ஆபத்து இல்லாமலில்லை. ஊர் திரும்பியதும் நானும் இந்த ஆட்டத்தை வாங்கினேன். ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, கட்டுரையை ஆரம்பிக்குமுன் ஒரே ஒரு ஆட்டம் என்று தொட்டேன். நிமிர்ந்தபோது ஒன்பதரை. கட்டுரையில் தலைப்பு மட்டும் இருந்தது. ஒரு கட்டம் முடிய பத்து நிமிடம்கூட ஆவதில்லை. இன்னொரு பத்து நிமிடம்தானே என்று தோன்ற வைக்கும் எதுவும் ஒரு மாலைப்பொழுதையே விழுங்கிவிடும். இது வெறும் பொழுதுபோக்கு, நேரத்தைத் தின்னும் வேலை என்று சொல்பவர்களோடு நான் வாதாட மாட்டேன். என் நேரத்தை அது தின்றது உண்மை.

அக்காவின் விஷயம் வேறு. அவள் நேரத்தை நோய் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. ராத்திரி பூரா விழித்திருந்து காவல் காப்பதுதான் அவள் வேலை. அதை மறப்பதற்காக அவள் ஆட்டத்துக்குப் போனாள் என்று முதலில் நினைத்தேன். அப்படியில்லை. ஆட்டத்திலும் அவள் செய்தது அதே காவல் வேலைதான். நிஜத்தில் எதிரி தெருவில் நின்று முகம் காட்டுவதில்லை, வரிசையாக வருவதுமில்லை. இன்னும் எத்தனை அலை பாக்கி என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. அவள் செய்வது சரியா தப்பா என்று சொல்ல யாருமில்லை. திரையில் மட்டும், ஒழுங்காகக் காவல் காத்தால் வீடு தப்பிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இருந்தது. ஒரு ராத்திரிக்கு ஒரு தடவையாவது அவளுக்கு அந்த உத்தரவாதம் தேவைப்பட்டது. "இதுல நான் ஒழுங்கா செஞ்சா ஒழுங்கா முடியுது" என்றாள். அதற்கு மேல் அதைப்பற்றிப் பேசவில்லை.

அந்த உத்தரவாதத்துக்குப் பின்னால் ஒரு வியாபார ஒப்பந்தமும் இருந்தது. ஒரு தடவை காசு கொடுத்து வாங்கினால் ஆட்டம் உங்களுடையது. உங்களை மேலும் கறப்பதில் அதற்கு லாபமில்லை. எனவே உங்களை ஜெயிக்க விடுவதில் அதற்கு நஷ்டமுமில்லை.

2011 ஜூலையில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 65 கோடி டாலர் ரொக்கமும் 10 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளும் கொடுத்து பாப்கேப்பை வாங்குவதாக அறிவித்தது. 2012ல் பாப்கேப்பில் ஆட்குறைப்பு நடந்தது. வெளியேறியவர்களில் ஜார்ஜ் ஃபேனும் ஒருவர். 2013ல் இரண்டாம் பாகம் வந்தது. விலை கிடையாது, இலவசம். ஆனால் உள்ளே கடை இருந்தது. சில செடிகளுக்கு நிஜப் பணம். இந்த இலவச ஏற்பாட்டில் தனக்கு உடன்பாடில்லாமலிருந்ததை ஃபேன் பிற்பாடு ஒப்புக்கொண்டார். கொடுக்காமலே ஆடி முடிக்கலாம் என்று ஆதரவாளர்கள் சொன்னார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் கடை வைத்தவனுக்கு நீங்கள் சுலபமாக ஜெயித்துக்கொண்டே போவது கட்டுப்படியாகாது. எங்கேயாவது ஒரு இடத்தில் நீங்கள் தவிக்க வேண்டும். தவிக்கும்போது கடை கண்ணில் பட வேண்டும். அப்போது, தோற்றால் அது நம் தப்பா கடைக்காரன் கணக்கா என்ற சந்தேகம் வந்துவிடுகிறது. சந்தேகம் வந்த பிறகு உத்தரவாதம் எங்கே?

சில வருஷம் கழித்து அக்காவின் போனில் வேறொரு ஆட்டம் ஏறியது. பெயர் வேண்டாம், அதுபோல நூறு இருக்கிறது. ஐந்து உயிர். தீர்ந்தால் அரைமணி காத்திருக்க வேண்டும், அல்லது காசு கட்ட வேண்டும். ராத்திரியில் 'உங்களைக் காணோமே' என்று செய்தி வேறு அனுப்பியது. "ஆஸ்பத்திரியில இருந்து போனாக்கும்னு பதறிப்போய் எடுத்தேன்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே அதை அழித்துவிட்டாள்.

2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அதற்கு முன்பே ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து சிதறிய குடும்பங்களைத் தமிழ்நாடு நிறையப் பார்த்திருந்தது. சட்டம் தேவைதான். ஆனால் எல்லா ஆட்டமும் சூது அல்ல என்பது போலவே, சூது அல்லாத எல்லா ஆட்டமும் சாதுவும் அல்ல. பிள்ளைகளின் போனை எட்டிப் பார்க்கும் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை மணி நேரம் என்பது மட்டுமில்லை. இந்த ஆட்டத்துக்கு முடிவு உண்டா என்றும் கேட்க வேண்டும். 'முடிந்தது, எழுந்து போ' என்று சொல்லத் தெரிந்த ஆட்டம் உங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி. சொல்லத் தெரியாதது குடியிருக்க வந்தது.

செடியும் பிணமும் ஆடும் முதல் ஆட்டத்துக்கு முடிவு உண்டு. பகல், இரவு, நீச்சல் குளம், மூடுபனி, கூரை என்று ஐந்து இடம், ஒவ்வொன்றிலும் பத்துக் கட்டம். மொத்தம் 50. ஏப்ரலில் மறுபடி நாகபுரி போனபோது அக்கா கூரைக்கு ஏறியிருந்தாள். இன்னொரு மாறுதலும் இருந்தது. மாமா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஐபேட் இருவருக்கும் நடுவில். அக்கா செடி நடுகிறாள். வெயில் பொறுக்குவது மாமாவின் வேலை. அதுவும் வலது கையால். விரல் நடுங்கிக்கொண்டே போய், சூரியனைத் தொடுமுன் சில சமயம் அது மறைந்துவிடும். அக்கா எதுவும் சொல்வதில்லை. மாமாதான் 'ச்சு' என்பார். டாக்டர் சொன்ன பயிற்சி இல்லை இது. அதனால் கை சரியானது என்று நான் சொல்ல வரவில்லை. ரயில்வேயில் ஆயிரம் பேருக்குச் சம்பளக் கணக்கு பார்த்த மனிதருக்கு, ஐந்து மாதத்துக்கப்புறம் யாரோ ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். அவ்வளவுதான்.

ஐம்பதாவது கட்டத்தில் ஸாம்பிகளின் தலைவன் ராட்சத இயந்திரத்தில் ஏறி வருகிறான். அந்தக் கட்டத்தில் வெயில் விழாது. செடிகள் தாமாக வந்து சேரும். மாமாவுக்கு வேலை போய்விட்டது. அக்கா ஒரு நிமிடம் யோசித்தாள். "மிளகாய் உங்களோடது" என்றாள். தலைவன் பனி உருண்டையை உருட்டிவிடுவான். அது வரும் வரிசையில் மிளகாயை வைத்தால் உருகிவிடும். வரிசை தப்பினால் அதிலுள்ள செடிகளெல்லாம் நசுங்கும். முதல் தடவை மாமாவின் விரல் பக்கத்து வரிசையில் இறங்கியது. செடிகள் போயின. நான் வாயைத் திறந்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். இரண்டாவது உருண்டை கிளம்பியது. மாமா மிளகாயைத் தொட்டார். விரல் காற்றில் நின்று நடுங்கியது. அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். உருண்டை பாதி தூரம் வந்துவிட்டது. விரல் இறங்கியது. சரியான வரிசை.

தலைவன் விழுந்தான். ஒரு சூரியகாந்தி பாட ஆரம்பித்தது. ஆட்டத்துக்கு இசையமைத்த லாரா ஷிகிஹாராவின் குரல். பாட்டு முடிந்து திரை அடங்கியது. மாமா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்... வளவு... தானா?"

"அவ்வளவுதான். முடிச்சாச்சு. படுங்க" என்று அக்கா விளக்கை அணைத்தாள். மாமா அதற்கப்புறம் நாலு வருஷம் இருந்தார்.

2025 அக்டோபரில் அந்த முதல் ஆட்டத்தைப் புதுப்பித்து மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள் என்று படித்தேன். அக்காவுக்கு இப்போது எழுபத்து மூன்று வயது. போன் செய்து, வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்குடா?" என்றாள். "அதான் முடிச்சாச்சே."